ஆறட்டுங்க

ஏழு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்.
ஆறே முக்காலுக்கே காரிப்பட்டியில் இறங்கிவிட்டோம்,
நானும் மெக்கானிக் யாக்கோபும்.
வேப்பமரத்தடியில் நின்றது,
பொங்கலுக்குக் குளிப்பாட்டிய மாடு மாதிரி
சிவப்பாய், ஈரம் காயாத பெயின்டில்.

யாக்கோபு அதைச் சுற்றி வரவில்லை.
பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தான்.
பிறகு என்னைப் பார்த்தான்.
நானும் வைத்தேன்.
தோசைக்கல்லோடு பழகியவளுக்கு
யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை:
அடுப்பு அணைந்து அதிக நேரம் ஆகவில்லை.

"ஒரே செல்ஃபுங்க, சாவியைத் தொட்டாப் போதும்"
என்றார் பொன்னுரங்கம்.
"ஆறட்டுங்க" என்றேன்.
"எதுங்க?"
"வண்டிதானுங்க."

ஆறும்வரை பார்க்க நிறைய இருந்தது.
மீட்டர் சொன்னது ரெண்டாயிரத்து நூத்தி நாற்பது மணி.
கிளட்ச் பெடல் சொன்னது வேறு:
ரப்பரின் வரிகள் அழிந்து, இரும்பு எட்டிப் பார்த்து,
அந்த இரும்பிலும் ஒரு பாதத்தின் பள்ளம்.
மீட்டர் கேபிளைக் கழற்றிவிடலாம்.
மிதித்த காலை யார் கழற்றுவது?
பின்டயரில் பாதிக் கட்டை மிச்சம்.
ஆக்சில் உறையில் வெல்டிங் வைத்த தழும்பு,
கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது.
டிப்ஸ்டிக்கை உருவி, துடைத்து, மறுபடி உருவி
மூக்கருகே கொண்டுபோனான் யாக்கோபு.
"ஆயில் நேத்து மாத்தினது. இதுகிட்ட ஒண்ணும் கேக்க முடியாது."

சேர்வராயன் மலைமேல் மேகம்
இறங்குவதா வேண்டாமா என்று நின்றிருந்தது.
பொன்னுரங்கத்தின் மனைவி டீ கொண்டுவந்தாள்.
இரண்டாம் தடவை கொண்டுவந்தபோது சர்க்கரை குறைந்திருந்தது.
குச்சிக்கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று
சேகோ மில் பக்கம் போனது.
அது போன பின்னும் யாரும் பேசவில்லை.

போன செவ்வாய்க்கிழமை,
வாழப்பாடி சொசைட்டிக்கு எடுத்துப் போகும் முன்
பூந்திக்கொட்டையில் ஊறப்போட்டு
பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன் என் இரட்டை வடத்தை.
கண்ணிகளுக்குள்ளிருந்து ஒன்பது வருட அழுக்கு
கிண்ணத்தில் இறங்கியது.
மதிப்பீட்டாளர் பளபளப்பைப் பார்க்கவேயில்லை.
கல்லில் ஒரு கோடு இழுத்தார்.
ஒரு சொட்டு அமிலம்.
கொக்கிப் பக்கம் பற்றவைத்த பொடியைக் கழித்துவிட்டுத்
தொகை சொன்னார்.
எனக்குக் கூசியது. கோபம் வரவில்லை.
அந்தத் தொகைதான் இப்போது என் மடியில், மஞ்சள் பையில்.

எட்டே காலுக்குத் தலையாட்டினான் யாக்கோபு.
முதல் செல்ஃப்: ஒரு இருமல்.
இரண்டாவது: நீண்ட இருமல்.
மூன்றாவதில் பிடித்து
வேப்பங்கிளைகள் மறையும் அளவுக்கு வெள்ளைப் புகை,
பிறகு கொஞ்சம் நீலம்,
பிறகு மெல்ல மெல்ல ஒன்றுமில்லை.
ஆயில் மூடியைத் திறந்து
உள்ளிருந்து வந்த மூச்சின் மேல் கையைப் பிடித்திருந்தான்.
"இந்தக் கிழங்குக்கு ஓடும்க்கா.
அடுத்ததுக்கு இன்ஜினைப் பிரிக்கணும்."

"காலைல எத்தன மணிக்கு எடுத்தீங்க?"
பொன்னுரங்கம் என்னைப் பார்க்காமல்
புகை போன திசையையே பார்த்தார்.
"அஞ்சரைக்குங்க. நாலு தடவ அடிச்சேன்."

யாக்கோபு குறைக்கச் சொன்னதில்
ஐயாயிரத்தை நான் குறைக்கவில்லை.
பஸ் ஸ்டாப் வரை திட்டிக்கொண்டே வந்தான்.

ஆர்.சி. புக்கில் ஃபைனான்ஸ்காரர் பெயர் இன்னும் இருக்கிறது,
அது நீங்கினால்தான் மீதிப் பணம்.
இப்போதைக்கு அட்வான்ஸ் பத்து.
பேளூர் பஸ்ஸில் டிக்கெட்டுக்கு நீட்டிய கையில்
ரேகைக்கு ரேகை சிவப்பு.
கண்டக்டர் ரத்தமோ என்று பார்த்தார்.
மண்ணெண்ணெய் போட்டால் போகும் என்றான் யாக்கோபு,
இன்னும் கோபமாகவே.